‘இதுக்குப் பின்னால யாரோ இருக்காவ’: சதிக் கதைகள நாம ஏன் நம்புதோம்?

சதிக் கதைன்னா என்னன்னு முதல்லயே சொல்லிருதேன், ஏன்னா அது தெளிவில்லாம தான் பாதிச் சண்டை வருது. ஒரு பெரிய சம்பவம் நடக்குது, அதுக்கு வெளிய சொல்லுற காரணம் பொய், உண்மையான காரணம் ரகசியமா கூடிப் பேசுன ஒரு சின்னக் கூட்டம், டாக்டர், கலெக்டர், பத்திரிகைக்காரன் எல்லாரும் அவியளுக்கு உடந்தை, நம்மள மாதிரி ஆளுகளுக்கு மட்டும் தான் ஒண்ணும் தெரியாது. இதாக்கும் அடிப்படை. கதையில வாற வில்லன் மட்டும் ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் மாறுவான்.

இதுக்கு அர்த்தம் சதியே உலகத்துல கிடையாதுன்னு இல்ல, அப்படிச் சொன்னா அதுவும் பொய் தான். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல டஸ்கிகீ பக்கம் 1932ல இருந்து 1972 வரைக்கும், அரசாங்க சுகாதாரத் துறையே சிபிலிஸ் நோய் இருந்த நூத்துக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு நோயப் பத்தி உண்மையச் சொல்லாம, அதக் குணமாக்குற பென்சிலின் மருந்து வந்த பிறகும் அதக் குடுக்காம, நோய் எதுவரைக்கும் போகுதுன்னு பாத்துட்டு இருந்துது. 2011ல ஒசாமா பின்லேடன் இருக்க இடத்தக் கண்டுபிடிக்க அமெரிக்க உளவுத்துறை சிஐஏ பாகிஸ்தானுல அபோட்டாபாத்துல ஒரு போலித் தடுப்பூசி முகாம் நடத்துச்சு. அது வெளிய வந்தப்போ, தடுப்பூசி போட வாறவங்க உளவாளியாக்கும்னு அங்க ஏற்கனவே ஓடிட்டு இருந்த பேச்சுக்கு ஒரு ஆதாரமே கிடைச்ச மாதிரி ஆயிட்டு, அதுக்குப் பிறகு போலியோ சொட்டு மருந்து குடுக்கப் போன பெண்கள சுட்டுக் கொன்ன சம்பவங்களும் நடந்துது. அதனால சந்தேகப்படுறவன முட்டாள்னு சொல்லிட்டு நகந்து போறது தப்பு, அவன் சந்தேகத்துக்குப் பின்னால எங்கயாவது ஒரு நிஜக் காயம் இருக்கலாம். ஆனா அந்த நிஜ சதிகளப் பாருங்க, அதுக்கெல்லாம் ஒரு எல்லை இருந்துது, இன்ன துறை, இன்ன காலம், இன்ன நோக்கம்னு இருந்துது, கடைசில காகிதத்தோட, சாட்சியோட மாட்டுச்சு. நாம வாட்ஸ்அப்புல படிக்கிற கதைகளுக்கு எல்லையே கிடையாது.

நம்ம குமரி மாவட்டத்துல ரொம்ப பேருக்குத் தெரிஞ்ச ஒண்ண எடுத்துக்குவோம், 666. பைபிளோட கடைசிப் புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13ம் அதிகாரம், கத்தோலிக்க பைபிள்ல திருவெளிப்பாடு, வலது கையிலயோ நெத்தியிலயோ ஒரு முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது விக்கவும் முடியாதுன்னு வரும், அந்த எண் அறுநூற்று அறுபத்தாறு. அதப் படிச்சவங்க ஒவ்வொரு காலத்துலயும் தங்களுக்கு எது பயமோ அதுல கொண்டு போய் அந்த எண்ண ஒட்டிருக்காவ. சீர்திருத்தக் காலத்துல கத்தோலிக்க சபைய எதிர்த்த லூத்தர் பக்கத்து ஆளுக போப்ப அந்திக்கிறிஸ்துன்னு, அதாவது கிறிஸ்துவோட எதிரின்னு சொன்னாவ, பிறகு நெப்போலியன், பிறகு பார்கோடு, பிறகு கிரெடிட் கார்டு, பிறகு ஆதார், 2021ல கோவிட் ஊசிக்குள்ள சிப்பு. பைபிள் ஆராய்ச்சியாளர்கள்ல பலபேரு அந்த எண் கிறிஸ்தவங்கள கொடுமைப்படுத்துன ரோமப் பேரரசன் நீரோவக் குறிக்குதுன்னு சொல்லுதாவ, எபிரேய எழுத்துல அவன் பேர எழுதிக் கூட்டுனா அந்தத் தொகை வரும். துன்பப்பட்டுக்கிட்டு இருந்த சனங்க தங்கள அடக்குன ராசாவப் பத்தி மறைச்சு எழுதுன ஒண்ண, சூப்பர்மார்க்கெட் பிஸ்கட் பாக்கெட்டுல நாம தேடிட்டு இருக்கோம்.

பார்கோடு கதை எப்படி வந்துதுன்னு தெரிஞ்சுகிட்டா இந்த மாதிரி கதைகள் எல்லாம் உருவாகுற விதமே புரிஞ்சிரும். 1974 ஜூன் 26ந்தேதி அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல ஒரு கடையில முதல்முறையா ஒரு சூயிங்கம் பாக்கெட்ட ஸ்கேன் பண்ணுனாவ. பார்கோடோட தொடக்கத்துலயும் நடுவுலயும் கடைசிலயும் ரெண்டு ரெண்டு மெல்லிசுக் கோடு கொஞ்சம் நீளமா இருக்கும், மெஷினுக்கு எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு காட்டுற வேலி மட்டும் தான் அது, அதுக்கு எண் மதிப்பே கிடையாது. ஆனா 6ங்கிற எண்ண எழுதுற ஒரு முறையும் ரெண்டு மெல்லிசுக் கோடு தான். பாத்தவங்களுக்கு மூணு இடத்துல 6 தெரிஞ்சுது, அம்புட்டு தான். கண்ணுக்கு தெரியுறது நிஜம், அந்தக் கோடு நிஜமாவே அங்க இருக்கு, அதனால தான் ‘நீயே பாரு’ன்னு ஒருத்தர் சொன்னா மறுத்துப் பேச முடியாம நிக்கிறோம். சதிக் கதையில எப்பவும் ஒரு துண்டு உண்மை இருக்கும்.

இப்போ ஏன்னு பாப்போம். நம்ம மூளை கோர்வை தேடுற மூளை. புதருக்குள்ள சத்தம் கேட்டா காத்துன்னு நினைச்சவன விட பாம்புன்னு நினைச்சு விலகுனவன் தான் தப்பிச்சு பிள்ள குட்டி பெத்தான், அந்தப் பழக்கம் நமக்கும் இருக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நம்ம கையில எதுவும் இல்லங்கிற நிலைமையில இந்தத் தேடல் இன்னும் கூடும். 2008ல விட்சன், கலின்ஸ்கின்னு ரெண்டு பேரு சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாவ, தங்களுக்குக் கட்டுப்பாடு இல்லன்னு உணர வச்ச ஆளுகள்ட்ட வெறும் புள்ளிப் புள்ளியா இருக்க படத்தக் காட்டுனா அதுல இல்லாத உருவம் அதிகமா தெரிஞ்சுது, ஒரு சம்பவத்துக்குப் பின்னால சதி இருக்கும்னும் அதிகமா நினைச்சாவ. வேலை போனவன், ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவன், கடலுக்குப் போன மகன் திரும்பாத அம்மா, இவியளுக்கு இந்த மாதிரி கதைகள் ஏன் சட்டுன்னு ஒட்டுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, பெரிய சம்பவத்துக்கு பெரிய காரணம் வேணும்னு மனசு கேக்கும். 2004 டிசம்பர் 26, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு நம்ம கடற்கரை முழுக்க சுனாமி வந்துது, நூத்துக்கணக்குல போயிட்டாவ, சுமத்ரா பக்கத்துல கடலுக்கு அடியில 9.1 அளவுல பூமி நடுங்குனது தான் காரணம். எங்கேயோ கிடக்குற பாறைத் தட்டு நகந்து நம்ம வீட்டுப் பிள்ளைய எடுத்துட்டுப் போச்சுன்னு எந்த அம்மா ஏத்துக்குவா? கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழம, பௌர்ணமி, இது மூணும் சேந்து வந்தது சும்மாவா இருக்கும்னு பேச்சு வந்துது, தண்டனைன்னு சிலபேரு சொன்னாவ, எவனோ கடலுக்கடியில அணுகுண்டு வெடிச்சுப் பாத்தான்னும் ஒரு கதை உலகம் முழுக்க ஓடுச்சு. அடுத்து நாலே நாள்ல, டிசம்பர் 30ந்தேதி, மத்திய உள்துறை அமைச்சகமே இன்னொரு சுனாமி வரலாம்னு எச்சரிக்கை விட்டு, பிணத்தக் கூட எடுத்து முடிக்காத சனங்க மறுபடியும் மேட்டுக்கு ஓடுனாவ, பிறகு அதுல அறிவியல் அடிப்படை இல்லன்னு மத்திய அமைச்சர் ஒருத்தரே சொன்னாரு. இப்படி ஒரு தடவை ஓடுனவனுக்கு அடுத்த எச்சரிக்கை மேல நம்பிக்கை எப்படி வரும்?

இங்க தான் நான் முக்கியமா நினைக்கிறத சொல்லணும். சதிக் கதையை நம்புறது அறிவு குறைஞ்சதுனால இல்ல, நம்பிக்கை வத்திப் போனதுனால. டிகிரி முடிச்சவங்க, ஆசிரியருங்க, ரிட்டயர்ட் அதிகாரிங்க எல்லாம் இத ஃபார்வேர்டு பண்ணுதாவ, நாமளே பாக்குதோம்லா. ‘இவனுக்கு ஏன் புத்தி இல்ல’ன்னு கேக்குறதுக்குப் பதிலா ‘இவன் யார் மேல நம்பிக்கைய இழந்தான், எப்ப இழந்தான்’னு கேட்டா தான் விடை கிடைக்கும்.

ஓகிப் புயல நினைச்சுப் பாருங்க. 2017 நவம்பர் கடைசி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆளுக ஆழ்கடல்ல நாள்கணக்கா தங்கி மீன் பிடிக்கிறவங்க, புயல் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாலேயே அவிய கரையில இருந்து எவ்வளவோ தூரம் போயாச்சு, அங்க போனு எடுக்காது. தேடுறது மெதுவா நடக்குதுன்னு சனங்க டிசம்பர் 7ந்தேதி குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாவ. அப்போ பல பேச்சு வந்துது, கடற்கரைய காலி பண்ண வைக்கத்தான் வேணும்னே விட்டுட்டாவ, இனையம் துறைமுகத் திட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னவங்களும் உண்டு. அந்தத் துறைமுகத் திட்டம் நிஜம், அதுக்கு எதிர்ப்பு இருந்ததும் நிஜம், எச்சரிக்கை லேட்டா வந்ததும் நிஜம், ஆனா இந்த மூணையும் சேத்து ‘வேணும்னே சாக விட்டாவ’ன்னு கட்டுறதுக்கு ஆதாரம் கிடையாது. எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, சதின்னு சொன்ன உடனே நிஜமா கேக்க வேண்டிய கேள்வி காணாமப் போயிரும். ஆழ்கடல்ல இருக்கவனுக்கு எச்சரிக்கை போய்ச் சேர ஏன் வழி இல்ல, சேட்டிலைட் போன் ஏன் இல்ல, கடலோரக் காவல் படைக்கு பக்கத்துல ஏன் தளம் இல்ல, இதெல்லாம் கேட்டா பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஒருத்தர் இருக்காரு. கண்ணுக்குத் தெரியாத கூட்டம்னு சொல்லிட்டா பதில் சொல்ல ஆளே இல்ல. அலட்சியம் பண்ணுனவன் தப்பிக்கிறதுக்கு சதிக் கதை மாதிரி வசதி வேற எதுவும் கிடையாது.

அரசாங்கமும் இதே வேலையைச் செய்யும்ங்கிறத மறந்துரக் கூடாது. பக்கத்து மாவட்டத்துல கூடங்குளம் அணு உலைக்கு எதிரா இடிந்தகரையில சனங்க உக்காந்தப்போ, 2012ல அன்னைக்குப் பிரதமரா இருந்த மன்மோகன் சிங் அமெரிக்காவுல இருந்து காசு வாங்குற தொண்டு நிறுவனங்க தான் பின்னால இருக்குன்னு ஒரு பேட்டியில சொன்னாரு. ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்த டிவியில பாத்த மீனவனுக்கு பயம் வர வெளிநாட்டுக்காரன் சொல்லிக் குடுக்கணுமா? கீழ இருக்கவன் மட்டும் இல்ல, மேல இருக்கவனும் தனக்குப் பிடிக்காத விஷயத்துக்கு மறைவான கை தேடுவான்.

நடந்த வரிசைய காரணமா எடுத்துக்குறதும் நமக்கு இயல்பு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ந்தேதி சனங்களுக்கு தைரியம் குடுக்க எல்லாருக்கும் தெரியுற மாதிரி கோவிட் ஊசி போட்டாரு, 17ந்தேதி மாரடைப்புல போயிட்டாரு. தமிழ்நாடே அழுதுது, அந்த அழுகைக்குள்ளேயே ‘ஊசி தான்’ங்கிற பேச்சும் சேந்து வந்துது. இருதயத்துக்குப் போற முக்கிய ரத்தக்குழாய்ல முழு அடைப்புன்னு ஆஸ்பத்திரி சொல்லுச்சு, அந்த மாதிரி அடைப்புக்கு அடிப்படையான கொழுப்பு பொதுவா வருசக்கணக்கா படியுறது, பிறகு மத்திய அரசோட குழுவும் ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டு. கோடிக்கணக்கான ஆளுகளுக்கு ஊசி போடும்போது, எப்படியும் அந்த வாரம் மாரடைப்பு வர வேண்டிய சிலபேருக்கு ஊசிக்கு மறுநாள் தான் வரும். கணக்கு சரி தான், ஆனா நமக்குப் பிடிச்ச ஒரு முகத்தோட சாவு கணக்குல அடங்காதுலா. சிப்பு கதைக்கு ஒரு வரியில பதில் சொல்லலாம், நாய்க்கு தோலுக்கு அடியில வைக்கிற சிப்பையே சில சென்டிமீட்டர் பக்கத்துல மெஷினக் கொண்டு போனா தான் படிக்க முடியும், கரண்டும் ஆன்டெனாவும் இல்லாம ஊசி வழியா போன ஒண்ணு அமெரிக்காவுக்கு சிக்னல் அனுப்ப வழியே கிடையாது.

அடுத்தது திரும்பத் திரும்பக் கேக்குறது. 1977லயே ஹாஷர்ங்கிறவரும் கூட ரெண்டு பேரும் சோதிச்சுப் பாத்துருக்காவ, ஒரு வாக்கியத்த மறுபடி மறுபடி கேட்டா, அது உண்மையோ பொய்யோ, உண்மை மாதிரி தோணுறது கூடுது. குடும்ப குரூப்புல சித்தப்பா போடுறாரு, பள்ளிக்கூட குரூப்புல கூட்டாளி போடுறான், சபை குரூப்புல ஒரு அக்கா போடுறாவ, நாலாவது தடவை பாக்கும்போது ‘எல்லாரும் சொல்லுதாவளே’ன்னு ஆயிரும், எல்லாருக்கும் வந்தது ஒரே செய்தி தான்ங்கிறது நினைவுக்கு வராது. அதோட இது முகம் தெரியாதவன் அனுப்புனது இல்ல, நம்மள வளத்தவங்க, நமக்கு காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனவங்க அக்கறையோட அனுப்புனது. 2017ல தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி பள்ளிக்கூடங்கள்ல போட்டப்போ மலடாக்கிரும்னு ஆடியோ சுத்துச்சே, அத அனுப்புன எத்தனையோ பேரு அம்மாமாருங்க. தன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பயந்து அனுப்புனாவ.

மதம் உள்ள வந்தா ஏன் இத்தனை கெட்டியா ஒட்டுது? கார்ல் பாப்பர்னு ஒரு தத்துவஞானி சொன்னாரு, போர், பஞ்சம் எல்லாத்தையும் வானத்துல தெய்வங்க கூடிப் பேசி நடத்துறதா பழைய காலத்துல நம்புனாவ, தெய்வங்கள அந்த இடத்துல இருந்து எடுத்த பிறகு அங்க பலசாலியான மனுசக் கூட்டங்கள கொண்டு வச்சாச்சுன்னு. எனக்கு இதுல பாதி தான் சம்மதம், கடவுள நம்புறவன் எல்லாம் சதியையும் நம்புவான்னு ஆகாது, நானும் கோயிலுக்குப் போறவன் தான். ஆனா மதம் ரெண்டு காரியத்த தானாவே குடுக்குது. ஒண்ணு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடக்குற போருங்கிற பெரிய கதை, அதுல எதிரிக்கு ஒரு இடம் ஏற்கனவே காலியா இருக்கும். ரெண்டாவது, நாமங்கிற உணர்வு. சாதாரண வதந்திய ‘அப்படியா, தப்பா’ன்னு விட்டுரலாம். நம்ம மதத்துக்கு ஆபத்துன்னு வந்த செய்திய ஒருத்தன் சந்தேகப்பட்டா அவன் செய்திய சந்தேகப்படல, நம்மளையே காட்டிக் குடுக்குறான்னு ஆயிரும். அதனால சந்தேகம் வந்தவனும் வாயத் திறக்க மாட்டான்.

சரித்திரத்துல இதுக்கு ரத்தம் நிறைய சிந்திருக்கு. 1348ல ஐரோப்பாவுல பிளேக் வந்து கொத்துக் கொத்தா செத்தப்போ, யூதங்க கிணத்துல விஷம் கலந்துட்டாவன்னு கதை கிளம்புச்சு, 1349 பிப்ரவரியில ஸ்ட்ராஸ்பர்க்ல நூத்துக்கணக்கான யூதங்கள உயிரோட எரிச்சாவ. யூதங்களும் அதே நோயில தான் சாகுதாவன்னு போப் ஆறாம் கிளெமெண்ட்டே சொல்லிப் பாத்தாரு, பல ஊருல யாரும் கேக்கல. நோய்க்குக் காரணமான கிருமிய யெர்சின் கண்டுபிடிச்சது 1894ல. 1903ல ரஷ்யாவுல ஒரு பத்திரிகையில, யூதப் பெரியவங்க உலகத்தப் பிடிக்கத் திட்டம் போட்ட கூட்டக் குறிப்புன்னு ஒண்ணு வந்துது, ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’னு அதுக்குப் பேரு, அது யூதங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்துல இருந்து திருடிக் கட்டுன போலின்னு 1921லயே லண்டன் டைம்ஸ் பத்திரிகை பக்கம் பக்கமா வச்சுக் காட்டிட்டு. அதுக்கு பிறகும் ஹிட்லர் கூட்டம் அத வச்சு வேலை பாத்துது, இன்னைக்கும் அது விக்குது.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம், ஏன்னா நமக்கு இது தூரத்துக் கதை இல்ல. 2011 கணக்குல இங்க இந்துக்களும் கிறிஸ்தவங்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 1982 மார்ச்சுல மண்டைக்காட்டுல மாசிக் கொடை நேரத்துல இந்து கிறிஸ்தவக் கலவரம், துப்பாக்கிச் சூடு, அப்போ செல்போனே கிடையாது, வாய்ப் பேச்சும் நோட்டீசும் தான். கன்னியாகுமரிய ‘கன்னி மேரி’ மாவட்டம்னு பேர் மாத்தப் போறாவன்னு ஒரு பேச்சு அந்தக் காலத்துல இருந்தே ஓடுது, 1956 நவம்பர் 1ல மாவட்டம் ஆனப்போ வச்ச பேரு இன்னைக்கும் அப்படியே தான் இருக்கு, அந்தப் பேச்சும் அப்படியே இருக்கு. எண்ணிக்கையில ரெண்டு பக்கமும் சமமா இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் தான் குறையப் போறோம்ங்கிற பயம் வரும், அந்தப் பயத்துக்கு தீனி போட ஆளு தேர்தலுக்குத் தேர்தல் வருவாவ. முஸ்லிம்கள் எண்ணிக்கையில இங்க குறைவு, 2020 மார்ச்சுல டெல்லியில தப்லீக்ங்கிற இஸ்லாமியப் பிரச்சார அமைப்போட கூட்டத்துக்குப் போய் வந்தவங்க வேணும்னே கொரோனாவப் பரப்புதாவன்னு நாடு முழுக்க கிளப்பி விட்டப்போ, அவிய கடையில சாமான் வாங்காதன்னு சொன்ன குரலு நம்ம பக்கமும் கேட்டுது. அந்த வருசம் ஆகஸ்டுல மும்பை உயர்நீதிமன்றத்தோட ஔரங்காபாத் கிளை வெளிநாட்டுல இருந்து வந்த தப்லீக் ஆளுக மேல போட்ட வழக்குகள ரத்து பண்ணி, அவங்கள பலிகடா ஆக்கிருக்குன்னு எழுதுச்சு. தீர்ப்ப யாரும் ஃபார்வேர்டு பண்ணல.

பேச்சு பேச்சோட நின்னா கூட பரவால்ல. 2018 மே மாசம் பிள்ள பிடிக்கிற கூட்டம் சுத்துதுன்னு தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் செய்தி, திருவண்ணாமலை மாவட்டத்துல குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா பிள்ளைகளுக்கு சாக்லேட் குடுத்தாவன்னு ஊரே கூடி அடிச்சுக் கொன்னுட்டு. அந்த மாதிரி கொலைகளுக்குப் பிறகு தான் 2018 ஜூலையில இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்துது.

சரி, எது நிஜ சதி எது கதைன்னு எப்படிப் பிரிக்க? நான் பாக்குறது ரெண்டு. எத்தனை பேரு வாய மூடிட்டு இருந்தா இது சாத்தியம்? டேவிட் கிரைம்ஸ்ங்கிற இயற்பியல் ஆளு 2016ல கணக்குப் போட்டாரு, நிலாவுக்குப் போனது நாடகம்னா நாசாவுல வேலை பாத்த நாலு லட்சத்துக்கு மேல ஆளுக ரகசியம் காக்கணும், அது நாலு வருசத்துக்குள்ள வெளிய வந்துரும். அடுத்தது, என்ன ஆதாரத்தக் காட்டுனா இது தப்புன்னு ஒத்துக்குவ? ‘எதக் காட்டுனாலும் அதுவும் சதி தான்’னு பதில் வந்தா அதோட முடிஞ்சுது, ஆதாரம் கிடைக்காததையே ஆதாரமா எடுக்குற கதைய யாராலயும் சோதிக்க முடியாது.

கடல்ல முங்கிப் போன பழைய தமிழ் நிலம்னு சொல்லுற குமரிக்கண்டத்த எடுத்துக்குங்க, இதச் சொன்னா நம்ம ஆளுகளுக்கு மனசு கஷ்டப்படும், எனக்கும் தான். கடல் நிலத்தக் கொண்டதா சிலப்பதிகாரத்துல இருக்கு, கடைசிப் பனியுகத்துல இருந்து இன்னைக்கு வரை கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு ஏறிருக்கு, அதனால நம்ம கரையில கொஞ்சம் நிலம் முங்குனது உண்மை தான். லெமூரியாங்கிறது வேற, 1864ல ஸ்கிளேட்டர்ங்கிற விலங்கியல் ஆளு மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் ஒரே மாதிரி விலங்குகளோட தடம் ஏன்னு விளங்காம வச்ச ஊகம், கண்டங்களே நகருதுன்னு தெரிஞ்ச பிறகு அந்த ஊகம் தேவையில்லாம போச்சு. ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரு கண்டம் இருந்துது, அத வேணும்னே மறைக்குதாவன்னு சொல்லும்போது தான் அது சதிக் கதை ஆகுது. கடலடித் தரையை அளந்த படம் யாரு வேணும்னாலும் பாக்கலாம், தெக்க போனா பல ஆயிரம் அடி ஆழம். தமிழுக்குப் பழமை சொல்ல கீழடி, ஆதிச்சநல்லூர்னு தோண்டி எடுத்தது கையில இருக்கு.

வீட்டுல ஒருத்தர் நம்புனா என்ன செய்யன்னு தான் நிறைய பேரு கேக்குதாவ. குரூப்புல எல்லாரும் பாக்க ‘இது ஃபேக்’னு லிங்க் போடாதீங்க, பெரியவங்களுக்கு அது அவமானம், அவிய தப்புன்னு ஒத்துக்க மாட்டாவ. தனியா போன் போடுங்க. ‘இது உங்களுக்கு யாரு அனுப்புனா, உங்களுக்கு இதுல எது பயமா இருக்கு’ன்னு கேளுங்க, பதில் பாதி நேரம் செய்தியப் பத்தி இருக்காது, ஆஸ்பத்திரியில ஒருக்கா அலைய விட்டதப் பத்தி இருக்கும், அதக் காது குடுத்துக் கேளுங்க. பிறகு அவிய நம்புற ஆளு யாருன்னு பாருங்க. எங்க பக்கத்துல 2021ல ஊசி வேண்டாம்னு நின்ன வயசானவங்க டிவி பாத்து மாறல. ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு சபை போதகரே கை நீட்டி ஊசி போட்டுட்டு அங்கேயே அரைமணி நேரம் உக்காந்திருந்தாரு, ஊசி போட வந்த கிராம நர்சு அதே தெருவுல இருபது வருசமா பிரசவம் பாத்தவங்க. அன்னைக்கு வரிசையில நின்னவங்கள்ட்ட யாரும் சிப்பப் பத்தி வாதாடல, ‘சுகர் மாத்திரை போட்டாச்சா, காலையில சாப்பிட்டியளா’ன்னு தான் கேட்டாவ.